ஊமைச் செபக்காரரும் என் கடுதாசியும்

கடவுளிடம் போய் வாயை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்கிற சனத்தை நான் என் சீவியத்தில், இந்தப் பிரெஞ்சு ஊரில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில்தான் முதன்முதலாகக் கண்டேன். பாட்டில்லை, பூசையில்லை, பிரசங்கம் வைக்கச் சுவாமியும் இல்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் ஆளில்லை. சுவரில் சிலுவை தேடினேன். சிலுவை மாட்டுகிற ஆணிகூட இல்லை. வட்டமாகப் போட்ட பதினைந்து இருபது கதிரை, நடுவில் ஒரு மேசை, மேசையில் ஜாம் போத்தலுக்குள் நாலு பூ. அந்தப் பூவும் கடையில் வாங்கினதில்லை, யாரோ வீட்டு யன்னலில் நின்றது. இவ்வளவும்தான் கோயில்.

புடவைக்கடை ஒன்றுக்கு மேல் மாடியில் அந்த அறை. கீழே எங்கள் சனம் கலியாணச் சேலையை விரித்துப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே இவர்கள் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தங்கள் பேரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற ஆட்கள்போல இருப்பார்கள். நான் கத்தோலிக்க வேதத்தில் பிறந்தவள். எங்கள் மாதா கோயிலில் ஆயிரம் பேர் ஒரே குரலில் பிரார்த்தனை சொல்லக் கேட்டு வளர்ந்தவள். எனக்கு இது செபமாகத் தெரியவில்லை, சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

குவேக்கர் என்று பேர் சொன்னார்கள். தங்களுக்குள்ளே "நண்பர்கள்" என்று சொல்லிக்கொள்வார்களாம். அங்கே பெரியவர் சின்னவர் இல்லை, ஆரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டுமாம். எண்பது வயதுக் கிழவரை இருபது வயதுப் பெட்டை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்புகிறார். முந்தி நீதவானாக இருந்த மனுசன் ஒருவர் அங்கே கோப்பை கழுவுகிறார். கழுவட்டும், குற்றமில்லை. ஆனால் கழுவுகிற வடிவைப் பார்த்தேனே, எங்கள் வீட்டில் அப்படிக் கழுவினால் திரும்பவும் கழுவ விட்டிருப்பேன்.

அவர்களுடைய பிஸ்கற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். செபம் முடியத் தேத்தண்ணி தருவார்கள். தேத்தண்ணி என்றால் சுடுதண்ணிக்கு நிறம் காட்டினது. பிஸ்கற் மரத்தூள். சாறு இல்லாத சனத்துக்குச் சாறு இல்லாத பிஸ்கற்.

இப்படிச் சொல்லுகிற நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

லா சப்பலில் என்னைக் "கடுதாசி அன்ரி" என்று கூப்பிடுவார்கள். முப்பது வருசமாக அந்தப் பேர். பிரெஞ்சில் கடிதம் வந்தால், பள்ளிக்கூடத்துக் கடிதமோ வீட்டுக்காரன் கடிதமோ விசா கொடுக்கிற அரசாங்கக் கந்தோர் பிரெபெக்சரின் கடிதமோ, எங்கள் சனம் கொண்டுவந்து என் கையில் தரும். நான் கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்ப்பேன். "வைச்சிட்டுப் போ, ஆறுதலாப் பாத்துச் சொல்லுறன்" என்பேன். பேந்து குசினிக்குள் கொண்டுபோய் என் மனுசனிடம் கொடுப்பேன். அவர் வாசித்துச் சொல்லுவார். நான் வெளியே வந்து அதை என் வாயால் சொல்லுவேன். அவருக்குச் சனத்தைக் கண்டால் கூச்சம். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. எனக்கோ பேச்சு மட்டும்தான் வரும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படித்த ஆளாக இருந்தோம். அந்த ஆள் நான் என்று ஊர் நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழே இப்படித்தான் எறும்பு ஊருகிற மாதிரி எழுதுவேன். பிரெஞ்சு எழுத்தில் எனக்குத் தெரிந்தது என் பேரும், மெற்றோ நிலையப் பேர் சிலதும்தான்.

மனுசன் மோசம் போனார். அழுது முடித்தேன், முப்பத்தோராம் நாள் பூசையும் கொடுத்தேன். ஆனால் சனம் கடிதம் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தும்? கடுதாசி அன்ரி உயிரோடுதானே இருக்கிறாள்.

அந்த நேரம்தான் மன்னார்ப் பிள்ளை வந்தாள். பிள்ளை என்றாலும் நாற்பது வயது இருக்கும். கந்தோர் துப்பரவாக்குகிற வேலை. பியர்ஃபித்தில் தன் தமக்கையின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். வேலையிடத்தில் காதால் பிடித்த பிரெஞ்சு, வாயில் நல்லாக வரும். எழுத்து மட்டும் என்னைப்போலத்தான், ஒன்றும் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், அவள் தெரியாது என்று சொல்லுவாள்.

பிரெபெக்சரில் இருந்து வந்த கடிதம் ஒன்றைத் தந்தாள். நான் கண்ணாடியைப் போட்டேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். குசினிக்குள் ஆளில்லை. மகன் சார்செலில் இருக்கிறான், கேட்டிருக்கலாம். அவனுக்கும் நான் வாசிப்பேன் என்றுதான் நினைப்பு. அவனிடம் கேட்க என் வாய் வரவில்லை.

"ஒண்டுமில்லை பிள்ளை," என்று சொன்னேன். "பாக்கினம் எண்டு எழுதிக்கிடக்கு. அறிவிப்பினமாம்."

"பெரிய உபகாரம் அன்ரி. அது உங்களிட்டையே இருக்கட்டும், எங்கடை வீட்டிலை குழந்தையள் கிழிச்சுப் போடுங்கள்."

அது ரந்தேவுக் கடிதம். நாள், நேரம் எல்லாம் போட்டு வரச் சொன்ன கடிதம். அவள் போகவில்லை. இரண்டு மாதத்தால், நீ வரவில்லை என்று இன்னொரு கடிதம் வந்து, வேலையிடத்தில் ஒருத்தி வாசித்துச் சொல்லித்தான் அவளுக்கு விளங்கியது. புது நாளுக்கு ஆறு மாதமோ ஒரு வருசமோ காத்திரு என்றார்கள். விசா அட்டை இல்லாமல் கையில் ஒரு துண்டுக் கடுதாசியோடு வேலைக்குப் போய் வந்தாள்.

என்னிடம் வந்து அழுதாள். என்னைக் குறை சொல்லி அழவில்லை, அதுதான் கொடுமை. ரந்தேவுக் கடிதம் என்று வேறு ஒன்று வந்ததாம், அதை வீட்டில் தொலைத்துவிட்டார்களாம், தமக்கையின் புருசன்தான் கடிதப் பெட்டியில் இருந்து எடுத்து எங்கோ எறிந்திருக்கவேண்டுமாம். தமக்கையோடு பெரிய சண்டை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இரண்டு சகோதரிகளும் முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை.

அந்தக் கடிதம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அவள்தான் ஒரு நாள் சொன்னாள், ஒரு வெள்ளைக்கார மனுசி, "மடம்" என்று கூப்பிடுகிற ஆள், மரக்கறிக் கடை வாசலில் நின்று, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறோம், வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு புடவைக்கடை மாடிக்கு வாருங்கள் என்று போவார் வருவாரையெல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறா என்று.

"இனி ஒரு லெற்றரும் ஆற்றை கையிலையும் விடமாட்டன் அன்ரி. நானே வாசிக்கப்போறன். தனியப் போக வெக்கமாக் கிடக்கு. நீங்களும் துணைக்கு வாங்கோவன்."

துணைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஓம் என்று உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் யோசிப்பதுபோல நடித்தேன்.

முதல் வியாழக்கிழமை அந்த மடம் ஒரு பட்டியல் எழுதினா. மன்னார்ப் பிள்ளையின் பேரை எழுதினா. பேந்து என்னைப் பார்த்தா. "எனக்குத் தேவையில்லை எண்டு சொல்லு, நான் துணைக்கு வந்தனான்" என்றேன். அவள் சொன்னாள். மடம் தலையாட்டினா. பட்டியலில் ஒரு பேர். நான் கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிற ஆள்மாதிரி நிமிர்ந்து இருந்தேன்.

மடத்தைப் பற்றிச் சொன்னால், அந்த ஊமைச் செபக்காரரில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு எடுத்தவ. நல்ல உயரம். தலைமயிரைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வா போல, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். சொக்ஸ் போட்ட காலுக்குச் செருப்பு. பேர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொன்னா. நான் "மடம்" என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். படிப்பிக்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட என்னால் ஏலாது. அவவுக்கு மரியாதை வேண்டாமென்றால் அது அவவுடைய பாடு.

படிப்பிக்கிற முறையோ அதைவிடத் திறம். புத்தகம் இல்லை. சுப்பர் மார்க்கெற் விளம்பரத் தாளையும் மருந்துப் பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் பரப்புவா. "உங்களுக்கு எதை வாசிக்க விருப்பம்?" என்று கேட்பா. எதை வாசிக்கவேண்டும் என்று தெரிந்தால் நாங்கள் ஏன் உன்னிடம் வாறோம்? இன்னொன்று சொன்னா, மன்னார்ப் பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தாள்: "நான் படிப்பிக்க வரேல்லையாம் அன்ரி, எங்களிட்டை இருந்து தானும் படிக்கிறாவாம். எல்லா மனுசருக்குள்ளையும் ஒரு வெளிச்சம் கிடக்காம்."

"அப்ப அந்த வெளிச்சத்திலை அவவுக்குத் தலைமயிரை ஒழுங்கா வெட்டச் சொல்லு," என்றேன்.

ஆனால் ஒன்று நடந்தது. ஒவ்வொரு கிழமையும் மடம் தாள் கொடுக்கும்போது இரண்டு தாள் வைப்பா. ஒன்று அவளுக்கு. மற்றது என் முன்னால், ஒன்றும் சொல்லாமல். முதல் தாள் கிழிந்தால் உதவும் என்பதுபோல. நான் அதைத் தொடமாட்டேன். எழும்பிப் போகும்போது, ஏதோ சாமான் சுற்ற எடுப்பதுபோல மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிடுவேன். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அதை விரித்து, பென்சிலால் எழுத்துக்கு மேல் எழுத்து எழுதுவேன். அவவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சனத்துக்குத் தெரிந்தாலும் வாய் திறக்காத பழக்கம். அப்போது எனக்கு அதில் வந்தது நன்றி இல்லை, எரிச்சல். நீ ஆர் எனக்கு மறைச்சுத் தர, என்கிற எரிச்சல்.

வசந்த காலத்தில் மடம் முகம் வாடி வந்தா. அந்த அறை அவர்களுக்கு ஞாயிறும், கிழமை நாளில் ஒரே ஒரு பின்னேரமும்தான். அவர்களின் இளம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்தப் பின்னேரத்தைத் தங்களுக்குக் கேட்கிறார்களாம். பட்டியலில் ஒரு பேர்தானே இருக்கிறது. இதைப் பற்றி ஞாயிறு செபத்துக்குப் பிறகு கூடிக் கதைப்பார்களாம். மன்னார்ப் பிள்ளையும் வரவேண்டுமாம். ஒரு ஆளைப் பற்றி அந்த ஆள் இல்லாமல் முடிவு எடுக்கமாட்டார்களாம். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்குத்தான்.

கூட்டம் என்றால் நான் கண்டிருக்கிறேன். எங்கள் சங்கங்களில் கூட்டம் என்றால் மைக் இருக்கும், தலைவர் இருப்பார், செயலாளரும் பொருளாளரும் முறைத்துக்கொண்டு இருப்பார்கள், கடைசியில் கை உயர்த்து என்பார்கள், தோற்றவர்கள் வெளியே போய் வேறு சங்கம் தொடங்குவார்கள். அதில் ஒரு உயிர் இருக்கும். இவர்களிடம் கை உயர்த்துகிற வேலையே இல்லை. ஒருத்தர் கதைப்பார், பேந்து எல்லாரும் பேசாமல் இருப்பார்கள், பேந்து இன்னொருத்தர். ஒரே ஒரு ஆளுக்கு மனம் ஒப்பாவிட்டாலும் முடிவு நிற்குமாம். எழுதுகிறவர் என்று ஒரு மொட்டைத்தலையர். அவர் அங்கேயே முடிவை எழுதி, அங்கேயே வாசித்து, சரியா என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் எல்லாரும் ஒப்பவேண்டும். சம்பல் அரைக்கிற நேரத்தில் முடிக்கிற கதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுக்கிற சனம்.

ஒரு தாடிக் கிழவர்தான் எதிர்ப்பு. மன்னார்ப் பிள்ளை என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு ஆள் எண்டால் வீட்டிலை வைச்சுச் சொல்லிக் குடுக்கலாமே எண்டு கேக்கிறார் அன்ரி."

"உங்கடை வீட்டிலையோ?"

"எங்கடை வீட்டிலை எங்கை அன்ரி? அக்காவின்ரை மூண்டு குழந்தையள். இப்ப என்னோடை கதையும் இல்லை. ஆரையும் கூட்டிக்கொண்டு போக ஏலாது."

அதை அவள் அவர்களுக்குச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். தமக்கையோடு கதை இல்லை என்றதை என்னிடம் சொன்னாளே, என்னிடம். எனக்குக் காது சுட்டது.

மொட்டைத்தலையர் எழுதினதை வாசித்தார். இந்தப் பருவத்தோடு வியாழக்கிழமை வகுப்பு நிற்கும், மாணவி ஒருவருக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்று. எல்லாரும் கண்ணை மூடினார்கள். மடத்தைப் பார்த்தேன், அவவும் மூடிக்கொண்டு இருந்தா. ஒரு சண்டை பிடிக்கத் தெரியாத மனுசி.

இதற்குள் என் வலது கால் விறைத்துப்போனது. ஒன்றரை மணித்தியாலமாக மரக்கதிரை. காலை உதறினால்தான் இரத்தம் ஓடும். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

அவ்வளவுதான். பதினைந்து பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் கையைக் கூப்பாத குறை. தாடிக் கிழவர் காதில் இருந்த மெசினைச் சரிப்படுத்தினார். மன்னார்ப் பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்ரி, இருங்கோ. இவையளிலை எழும்பினால் கதைக்கப்போற ஆள். ஆண்டவர் எழுப்பினவர் எண்டு நினைக்கினம்."

"ஆண்டவரோ? என்ரை கால் எல்லோ எழுப்பினது!"

"அதை எப்பிடி நான் இப்ப அவைக்குச் சொல்லுறது?"

இருந்திருக்கலாம். கால் விறைத்துப்போய்விட்டது என்று கையால் காட்டிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சனம் பார்த்த பார்வை! இந்தக் கிழவி ஏதோ பெரிய விசயம் சொல்லப்போகிறாள் என்று, ஒரு அவசரமும் இல்லாமல், எவ்வளவு நேரமென்றாலும் இருப்போம் என்று பார்க்கிற பார்வை. முப்பது வருசமாக லா சப்பலில் என்னைச் சனம் அப்படித்தான் பார்த்தது. ஆனால் அந்தச் சனத்துக்கு வீட்டுக்குப் போக அவசரம் இருக்கும். ஒரு பொய்யைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடும். இவர்கள் போகவில்லை. கீழே தெருவில் ஆரோ தொண்டை கிழியக் கத்திக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் நின்றேன்.

"ஏன் இப்பிடிப் பாக்கிறியள்?" என்று தமிழில் கேட்டேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் தலையை ஆட்டினார்கள். விளங்காததுக்கும் தலை ஆட்டுகிற சனம். "உங்கடை பட்டியல் பிழை. ஒரு ஆள் இல்லை. ரெண்டு பேர். எனக்கும் வாசிக்கத் தெரியாது."

மன்னார்ப் பிள்ளை சேலையை விட்டாள்.

பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தும் சொல்லவில்லை; ஜாம் போத்தலில் இருந்த பூவைப் பார்த்துச் சொன்னேன். "உன்ரை கடுதாசியை நான் வாசிக்கேல்லைப் பிள்ளை. எல்லாம் அவர்தான் வாசிச்சவர், நான் சொன்னனான். அவர் இல்லாததாலை நானாச் சொன்னன். அதுதான் ரந்தேவுக் கடுதாசி. உன்ரை அக்கா துலைக்கேல்லை, அத்தானும் எறியேல்லை. அது என்ரை லாச்சிக்குள்ளை கிடக்கு."

இருந்தேன். கால் இன்னும் விறைப்புத்தான்.

ஒருத்தர் எழும்பிக் கதைத்தால் உடனே பதில் சொல்லக்கூடாது என்பது அவர்களின் பழக்கம். சொன்னது உள்ளே இறங்கவேண்டுமாம். அன்றைக்கு அந்தப் பழக்கத்தை நான் வெறுத்த மாதிரி வேறு எதையும் வெறுத்ததில்லை. எங்கள் சனம் என்றால் அந்த நேரம் கத்தியிருக்கும், ஏசியிருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், கதை முடிந்திருக்கும். இங்கே என்னைச் சுற்றிப் பதினைந்து பேர் மூச்சு விடுகிற சத்தம். என் பக்கத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். துப்பரவு மருந்து பட்டு வெடித்த கை.

எவ்வளவு நேரம் போனதோ, மொட்டைத்தலையர் அவளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். விருப்பமென்றால் பிரெஞ்சில் சொல்லும்படி கேட்டார் என்று எனக்கும் விளங்கியது. அவள் எழும்பினாள். நாலைந்து வசனம் சொன்னாள். அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் பற்றி என் முன்னால் சொல்லுகிறாள், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. கடிதத்தை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாடிக் கிழவர் கேட்டார். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பேந்து ஏதோ சொன்னார். மொட்டைத்தலையர் எழுதின வரியை வெட்டினார், புதிதாக எழுதினார், வாசித்தார். எல்லாரும் "தக்கோர்", அதாவது சம்மதம், என்றார்கள். கிழவரும் சொன்னார். மனம் மாறுவதற்கு ஒரு வெட்கமும் படாத மனுசன். வெளியே போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எதுக்கு நன்றி? என் கால் விறைத்ததுக்கா? பிஸ்கற் தட்டையும் நீட்டினார். எடுக்கவில்லை.

படியால் இறங்கி, மெற்றோப் பாலத்துக்குக் கீழே வந்தோம். மேலே ரெயில் போகும்வரை நின்றோம்.

"என்ன பிள்ளை சொன்னனீ அவைக்கு?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அன்ரி. பாக்கினம் எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு ரெயில் எடுக்கப் போய்விட்டாள். நான் அந்தப் பாலத்துக்குக் கீழேயே நின்றேன். கன்னத்தில் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திராது.

அந்தக் கிழமை என் பேருக்குக் கடிதம் ஒன்று வந்தது. கூட்டத்தில் எழுதினதைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் அனுப்புவார்களாம், எனக்கும் அனுப்பியிருந்தார்கள். என் பேரைக் கையால் எழுதின உறை. எனக்கென்று வந்து, வாசிக்க ஒருத்தரிடமும் கொடுக்க ஏலாத கடிதம். அவள் என்ன சொன்னாள் என்பது அதற்குள்தான் இருந்தது. மகனிடம் கொடுக்கவில்லை. லாச்சிக்குள்ளும் போடவில்லை.

வியாழக்கிழமை அவளுடைய கடிதத்தையும் என்னுடையதையும் கொண்டு போனேன். அவள் பிந்தி வந்தாள். என் பக்கத்துக் கதிரையை விட்டு அதற்கு அடுத்த கதிரையில் இருந்தாள். அவளுடைய கடிதத்தை அந்த வெறும் கதிரையில் வைத்தேன். எடுத்தாள், மடித்தாள், சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"அக்காவோடை கதைச்சிட்டன்," என்றாள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "அத்தானிட்டையும் மன்னிப்புக் கேட்டன். நான் கேக்கவேண்டி வந்திச்சு அன்ரி. நீங்கள் கேக்கேல்லை, நான் கேட்டனான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பியர்ஃபித்துக்குப் போய் அந்தத் தமக்கையிடமும் புருசனிடமும் சொன்னேன். அந்த மனுசன் என்னைக் கதிரையில் இருக்கக்கூடச் சொல்லவில்லை. சரிதான். நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்த வியாழக்கிழமை கைப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துப் பென்சில் எடுத்தேன். மடம் இரண்டு தாள் வைத்தா, எப்போதும்போல, ஒன்றும் சொல்லாமல். நான் என் கடிதத்தை விரித்து அந்தத் தாளுக்கு மேலே வைத்தேன். எதை வாசிக்க விருப்பம் என்று கேட்டாயே, இதைத்தான்.

அந்தக் கடிதம் எனக்கு எட்டுக் கிழமை எடுத்தது. முதலில் "இரண்டு" என்ற சொல் பிடிபட்டது. பேந்து "வியாழன்". பேந்து "வாசிக்க". கடைசியில் முழு வரியும் வந்தது: இந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, படிக்க விரும்புகிறார், வகுப்பில் இரண்டு பேர், வகுப்பு தொடரும். அவ்வளவுதான். திருப்பித் திருப்பி வாசித்தேன். லாச்சி இல்லை, ரந்தேவு இல்லை, தமக்கை இல்லை.

"மற்றதை ஏன் சொல்லேல்லை?" என்று அவளைக் கேட்டேன்.

"அது எனக்குச் சொன்னது. அவைக்கென்ன அதிலை?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

கடைத்தெருவில் இன்னும் கடிதம் கொண்டுவருகிறார்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது, படிச்சுக்கொண்டிருக்கிறன்" என்று சொல்கிறேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தார்கள். பேந்து சிரிப்பு நின்றது. ஒரு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நான் முந்தி என்ன சொல்லி அனுப்பினேன் என்று வீட்டில் போய் யோசித்திருப்பார்கள். யோசிக்கட்டும். மனுசன் இருந்த காலத்தில் சொன்னதெல்லாம் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஊமைச் செபத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் என் கோயிலுக்குத்தான் போவேன், அங்கே பாட்டு இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை அந்தப் படிகளில் ஏறுவேன்.

போன கிழமை மன்னார்ப் பிள்ளைக்குப் பிரெபெக்சரில் இருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இப்போது நடுவில் வெறும் கதிரை இல்லை, பக்கத்தில்தான் இருக்கிறாள். மடம் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக் கையைக் கட்டிக்கொண்டா. உறையை அவள் பிரித்தாள், தாளை எனக்கு முன்னால் தள்ளினாள்.

"வாசியுங்கோ."

விரலை வைத்து வாசித்தேன். செவ்வாய்க்கிழமை. பதினான்காம் திகதி. ஒன்பது மணி பதினைந்து.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, தன் விரலை வைத்து, அதே வரியைத் தானும் ஒருக்கால் வாசித்தாள். செவ்வாய்க்கிழமைதான். பதினான்குதான்.